கீறல் விழுந்த மோட்டார் சைக்கிள்: எதைத் தேய்ப்பது, எதை மூடுவது?

இந்த இதழின் பாடம் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் பற்றியது. "மினுக்குறதுக்கு எல்லாம் ஒரு பாடமா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். மினுக்குவதற்கு மட்டும் என்றால் நாங்கள் இவ்வளவு இடம் ஒதுக்க மாட்டோம். இது வீட்டுப் பணத்தைப் பற்றிய பாடம்.

இன்று நமது தோட்டங்களில் பல லயத்து வாசல்களில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப் போக, ஆஸ்பத்திரிக்கு ஓட, டவுனில் சாமான் வாங்க, தோட்டத்துக்கு வெளியே வேலைக்குப் போக எல்லாம் அதுதான். பெரும்பாலும் லீசிங்கில் எடுத்தது. மாதா மாதம் கொழுந்துக் காசிலும் கொந்தரப்புக் காசிலும் இருந்து தவணை போகிறது. தவணை முடிந்து, "இனி இது நம்மளுது" என்று சொல்லும் நாளில் அது துருப்பிடித்த இரும்பாக நின்றால் யாருக்கு நட்டம்? நமக்குத்தான்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாதம் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறிக்கொண்டே போனது. நல்லபடி வைத்திருந்தவர்கள் அவசரத்துக்கு விற்றபோது நல்ல விலை பெற்றார்கள். கவனிக்காமல் போட்டவர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். ஆகவே கீறலையும் துருவையும் பற்றித் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பெயின்ட் எவ்வளவு கனம்?

வண்டியின் டாங்கியில் நாம் காண்பது ஒரே பூச்சு அல்ல. அடியில் இரும்புத் தகடு. அதன் மேல் பிறைமர் என்ற அடிப்பூச்சு. இது துருவைத் தடுப்பதற்கும், மேல் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்கும். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான பூச்சு. பளபளப்பு என்பது இந்த மேல் பூச்சில்தான் இருக்கிறது.

இவை எல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதாவது பிள்ளைகளின் கொப்பியில் உள்ள ஒரு தாளின் கனம். மேலே உள்ள தெளிவான பூச்சு அதிலும் பாதிக்குக் குறைவு.

கீறலைத் "தேய்த்து எடுப்பது" என்று சொல்கிறோம். உண்மையில் கீறலை யாரும் எடுப்பதில்லை. கீறலைச் சுற்றி உள்ள பூச்சைத் தேய்த்து, கீறலின் ஆழத்துக்குக் கொண்டுவருகிறோம். அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு தடவை 'கட் அண்ட் பொலிஷ்' செய்யும்போதும் அந்தத் தாள் இன்னும் மெலிந்து போகிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மறுபடியும் தளிர்க்கும். தேய்த்துப் போன பெயின்ட் தளிர்க்காது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

நகத்தால் ஒரு சோதனை

கீறல் எந்த வகை என்று தெரியாமல் கையில் எதையும் எடுக்கக் கூடாது. முதலில் அந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

முதல் வகை: நகம் தடுக்காது. தண்ணீர் பட்டால் கீறல் மறைந்துவிடும், காய்ந்தால் மறுபடி தெரியும். இது மேல் பூச்சில் மட்டும் உள்ள கீறல். துணியால் துடைத்ததில், சாவிக்கொத்து உரசியதில், தேயிலை மலைக்குள் போகும்போது குச்சி பட்டதில் வருவது இதுதான்.

இரண்டாம் வகை: நகம் லேசாகத் தடுக்கும். தண்ணீர் பட்டாலும் கீறல் தெரியும். ஆனால் உள்ளே இரும்பு தெரியாது.

மூன்றாம் வகை: நகம் நன்றாக விழும். உள்ளே வெள்ளை இரும்போ, சாம்பல் பிறைமரோ, அல்லது செங்கல் நிறத் துருவோ தெரியும்.

இதில் எது அவசரம்? கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவது முதல் வகைதான், வெயிலில் சிலந்தி வலை மாதிரி டாங்கி முழுக்கத் தெரியும். ஆனால் அது அடுத்த வருசம் வரை இருந்தாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அவசரமானது மூன்றாம் வகை. அது நெருப்புக்குச்சித் தலை அளவு சின்னதாக இருந்தாலும் சரி.

ஏன் தெரியுமா? இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் கிடைத்தால் துரு வரும். நம் மலைகளில் மழையும் பனிமூட்டமும் எத்தனை மாதம் என்று உங்களுக்கே தெரியும். துரு, இரும்பை விட அதிக இடம் எடுக்கும். அதனால் அது பெயின்டுக்கு அடியிலேயே ஊதிப் பரவி, நல்லா இருக்கிற பெயின்டையும் கிளப்பிவிடும். இன்று ஒரு புள்ளியாக இருப்பது ஒரு மழைக்காலம் போனதும் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடலாம்.

ஆகவே நமது விதி இது: பளபளப்பு காத்திருக்கலாம், இரும்பு காத்திருக்காது.

கழுவுவதில் விழும் கீறல்தான் அதிகம்

நமது பாதைகளில் கிறவல் மண்ணும் தூசியும் அதிகம். அந்தத் தூசி மணல்தான். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் காய்ந்த துணியால் டாங்கியைத் துடைப்பது, மணலால் தேய்ப்பதற்குச் சமம். பல கீறல்கள் இப்படித்தான் வருகின்றன. அவசரமாக இருந்தால் சீட்டையும் கண்ணாடியையும் மட்டும் துடைத்துவிட்டுப் போங்கள்.

கழுவும் முறை:

1. எஞ்சின் ஆறும் வரை பொறுங்கள். சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெயிலில் வைத்தும் கழுவ வேண்டாம்.

2. முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள். கை படவே கூடாது. காய்ந்த சேறு இருந்தால் ஊறவிடுங்கள்.

3. இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியைச் சோப்பில் நனைத்துத் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி சோப்பில் போடுங்கள். மண் வாளிக்குள் தங்கும், டாங்கிக்கு வராது.

4. மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். டாங்கி முதலில், சில்லும் மட்காட்டின் உள்பக்கமும் கடைசியில். சில்லுக்கு வேறு துணி.

5. உடுப்புக் கழுவும் பவுடர் வேண்டாம். அது காரம், பூசிய மெழுகை எடுத்துவிடும். வாகன ஷெம்பு இல்லாவிட்டால் தலைக்குப் போடும் ஷெம்பு கொஞ்சம் போதும்.

6. பழைய பருத்திப் பெனியன் துணியால் ஒற்றி எடுங்கள். பொத்தானும் தையலும் இல்லாத பகுதியாக இருக்கட்டும்.

7. கடைசியில் வண்டியை மெதுவாக உருட்டி, இரண்டு பிரேக்கையும் பல தடவை பிடித்து விடுங்கள். நனைந்த பிரேக் உடனே பிடிக்காது. இறக்கத்தில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது.

சேர்விஸ் ஸ்டேஷனில் வேகமான தண்ணீர் அடிக்கும்போது சில்லின் நடுப்பகுதி, செயின், சுவிட்ச், ஹெட்லைட் பின்பக்கம் ஆகியவற்றுக்கு நேராக, கிட்டத்தில் அடிக்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் போய் பெயரிங் சீக்கிரம் சத்தம் போடும்.

இன்னொரு முக்கியமான விசயம். பீலியடியிலும் ஓடையிலும் வண்டி கழுவுவதை நாங்கள் சில இடங்களில் காண்கிறோம். செயின் ஒயிலும் கிரீஸும் அந்தத் தண்ணீரில்தான் போகிறது. கீழ் லயத்து ஆட்கள் அதைத்தான் குடிக்கிறார்கள், சமைக்கிறார்கள். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தள்ளி வந்து கழுவுங்கள்.

முதல் வகைக் கீறல்: பொலிஷ்

கழுவிக் காய்ந்த பிறகு, நிழலில் வைத்துச் செய்யுங்கள். ஹாட்வெயார் கடைகளில் கட்டிங் பேஸ்ட், ரப்பிங் கொம்பவுண்ட் என்று விற்பார்கள். கரடாக உள்ளது ஒன்று, மெதுவானது ஒன்று இருக்கும். எப்போதும் மெதுவானதில் தொடங்குங்கள். அது போதாவிட்டால் மட்டும் மற்றதுக்குப் போகலாம்.

ஈரமான சுத்தத் துணியில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகல இடத்தில் மட்டும், லேசான கையால் தேயுங்கள். இருபது முப்பது தடவை தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மேல் பூச்சு முடிந்து நிறத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். டாங்கியின் விளிம்பு, மடிப்பு, கூரான இடங்களில் தேய்க்கவே வேண்டாம். அங்கே பூச்சு இன்னும் மெல்லியது.

பற்பசை போட்டால் போகுமா என்று கேட்பவர்கள் உண்டு. பற்பசையிலும் மிக மெல்லிய தூள் இருக்கிறது, அதனால் சின்னக் கீறல் கொஞ்சம் மங்கும். பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை.

தேய்த்து முடிந்ததும் மெழுகு பொலிஷ் பூசுவது கட்டாயம். கீறல் இல்லாத வண்டிக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு பூசலாம். இது பெயின்டை எடுக்காது, மேலே ஒரு பாதுகாப்புப் போடும். தேயிலை பறிக்கும் அக்கா தங்கச்சிமார் இடுப்பில் படங்கு கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீறல் படங்கில் விழட்டும்.

இரண்டாம் வகை: அவசரப்படாதீர்கள்

இதற்கு வாட்டர் பேப்பர் போடுவார்கள். இலக்கம் கூடக் கூட பேப்பர் மெதுவானது. 2000 அல்லது 3000 இலக்கப் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரோடு தேய்த்து, பிறகு பேஸ்ட் போட்டு எடுக்க வேண்டும். சொல்வது லேசு. கை கொஞ்சம் அழுத்தினாலும் நிறம் போய்விடும். இரும்பு தெரியாதவரை இந்தக் கீறலால் துரு வராது. ஆகவே மெழுகு பூசிவிட்டு அப்படியே விடுவதே பல வேளைகளில் நல்லது. விற்கப் போகிறீர்கள் என்றால் தெரிந்த பாஸிடம் கொடுங்கள். வீட்டில் பழக வேண்டுமென்றால், கராஜில் எறியும் பழைய மட்காட் ஒன்றை வாங்கி அதில் பழகுங்கள்.

மூன்றாம் வகை: உடனே மூட வேண்டியது

இதற்குப் பெரிய செலவு இல்லை. பொறுமைதான் வேணும்.

1. துருவை, சின்னதாக வெட்டிய 600 இலக்கப் பேப்பரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். துருவின் மேலேயே பெயின்ட் பூசினால் அது அடியில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

2. துணி நுனியில் கொஞ்சம் தின்னர் தொட்டு அந்தப் புள்ளியை மட்டும் துடையுங்கள். எண்ணெய்ப் பசை போக வேண்டும். பக்கத்துப் பெயின்டில் படக் கூடாது.

3. நன்றாகக் காய்ந்ததும், மெல்லிய தூரிகையால் அல்லது சீவிய நெருப்புக்குச்சியால் பிறைமரைத் தொட்டு வையுங்கள். சட்டம், ஸ்டாண்ட் போன்ற இடங்களுக்கு ரெட் ஒக்சைட் பிறைமர் போதும்.

4. அது காய்ந்ததும் நிறம். ஒரே தடவையில் கனமாகப் பூசாமல், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு.

5. கடைசியில் தெளிவான பூச்சு. ஒரு கிழமை கழித்துத்தான் பொலிஷ்.

நிறத்துக்கு டவுனில் பெயின்ட் கலந்து கொடுக்கும் கடையில் கேளுங்கள். வண்டியில் நிறத்தின் இலக்கம் ஒட்டியிருந்தால் அதைக் குறித்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் கழற்றக்கூடிய ஒரு பக்க மூடியைக் கொண்டு போங்கள். நிறம் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். நாம் மூடுவது துருவுக்காக.

கையில் ஒன்றுமே இல்லை, மழையும் வருகிறது என்றால், துருவைச் சுரண்டிக் காயவைத்து, பிள்ளைகள் பூசும் நிறமில்லாத நகப்பூச்சைத் தொட்டு வையுங்கள். இது சில கிழமைக்குத் தாங்கும் தற்காலிக வேலைதான்.

நாளையும் பார்க்க வேண்டும். பனிமூட்டத்தில் பூசிய பூச்சு ஈரத்தைப் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயில் இருக்கும், மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருசக் கடைசியில் மழை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ச்சல். உங்கள் பக்கத்து வெயிலைப் பார்த்து, மழைக்கு முன்னமே வண்டியைச் சுற்றிப் பாருங்கள். டாங்கியின் அடி விளிம்பு, சட்டத்தில் வெல்டிங் செய்த இடங்கள், ஸ்டாண்ட், மட்காட்டின் உள்பக்கம் ஆகியவற்றை மறக்க வேண்டாம்.

ஸ்கூட்டர், குரோம், ஹெட்லைட்

பல ஸ்கூட்டர்களின் மேல் உடம்பு பிளாஸ்டிக். அதில் ஆழமாகக் கீறல் விழுந்தாலும் துரு வராது. அங்கே செலவழிக்க அவசரமே இல்லை. ஆனால் கால் வைக்கும் பலகைக்கு அடியில் இரும்புச் சட்டம் இருக்கிறது. தங்கச்சிமாரே, அங்கே குனிந்து பாருங்கள்.

பெயின்ட் பூசாத கருப்புப் பிளாஸ்டிக்கில் மெழுகு பட்டால் வெள்ளை வெள்ளையாக நிற்கும். மினுக்கம் இல்லாத 'மெட்' பெயின்ட் உள்ள வண்டிக்குப் பொலிஷே போடக் கூடாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கி, திட்டுத் திட்டாகிவிடும்.

குரோம் பூசிய பகுதியில் லேசான துரு இருந்தால், சொக்லட் சுற்றி வரும் வெள்ளி அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். போய்விடும். பிறகு மெழுகு பூசுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்தால் ரிம்மையும் எஞ்சினையும் கழுவ வேண்டாம், அது அலுமினியத்தை அரித்துவிடும்.

ஹெட்லைட் மஞ்சளாக மங்கினால் மெதுவான பேஸ்ட்டால் தேய்க்கலாம். வெளிச்சம் கூடும். மேலே உள்ள வெயில் காக்கும் பூச்சு போய்விடுவதால் மறுபடி மங்கும், அப்போது திரும்பச் செய்ய வேண்டும். பனிமூட்டத்தில் போகிறவர்களுக்கு டாங்கியின் பளபளப்பை விட இந்த வெளிச்சம் பெரிது.

இவற்றை மினுக்க வேண்டாம்

பிரேக் டிஸ்க்: மெழுகோ எண்ணெயோ ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது.

டயர்: பக்கவாட்டில் கருப்பு மினுக்கம் பூசுவார்கள். அது ரோட்டில் படும் பகுதிக்கு வந்தால் வளைவில் சறுக்கும்.

சீட்டும் கால் மிதிக்கும் ரப்பரும்: பின்னால் இருக்கும் பிள்ளை வழுக்கும்.

வண்டி முழுக்க டீசலோ மண்ணெண்ணெயோ பூசித் துடைக்கும் பழக்கமும் வேண்டாம். அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் தூசி ஒட்டும், ரப்பர் ஊதிப் போகும்.

ஹெல்மட்: தின்னர், பெற்றோல், மண்ணெண்ணெய் எதுவும் படக் கூடாது. ஓடு வெளியே நல்லா இருக்கும், உள்ளே பலம் குறைந்துவிடும். கீறலை மறைக்க மேலே பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும்.

செயின்: எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுத் துணியால் செயினைத் துடைப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். துணியோடு விரலும் போகும். எஞ்சினை நிறுத்தி, நடு ஸ்டாண்டில் ஏற்றி, சில்லைக் கையால் சுற்றித் துடையுங்கள்.

வீட்டில் கவனம்

தின்னர், மண்ணெண்ணெய் இரண்டையும் குடிக்கும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், போத்தலையும் எடுத்துப் போங்கள்.

லயக் காம்பராவுக்குள், அடுப்பு எரியும் பக்கத்தில் இவற்றைத் திறக்கக் கூடாது. ஸ்பிரே அடிப்பது வெளியே, காற்றுள்ள இடத்தில். இரண்டு திரவம் கலந்து அடிக்கும் பூச்சின் புகை நெஞ்சுக்குக் கெடுதல். அதைச் சரியான முகமூடி உள்ள கராஜுக்கு விடுங்கள்.

கடையில் கொடுக்கும்போது

"அண்ணே, கட் அண்ட் பொலிஷ் பண்ணிடலாம்" என்று சொன்னதும் தலையாட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கீறல் போகும், எது போகாது? இரும்பு தெரியும் இடத்துக்கு என்ன செய்வீங்க? மொத்தம் எவ்வளவு? சில கிரீம்கள் கீறலை நிரப்பி மறைப்பது மட்டும்தான். நாலு தடவை கழுவினால் கீறல் திரும்ப எட்டிப் பார்க்கும்.

முழு வண்டியின் நிறத்தையும் மாற்ற நினைத்தால் பொறுங்கள். பதிவுப் புத்தகத்தில் நிறமும் எழுதியிருக்கும். மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். லீசிங் முடியாத வண்டி என்றால் கம்பனியிடமும் முதலில் கேட்க வேண்டும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம்ம வண்டியில் நகம் தடுக்கும் கீறல் எத்தனை? இரும்பு தெரியும் புள்ளி எங்கே?
2. டாங்கி முழுக்கச் சின்னக் கீறல், ஸ்டாண்டில் ஒரு துருப் புள்ளி. கையில் ஒரு வேலைக்குத்தான் காசு. எதைச் செய்வீர்கள்?
3. துணியில் நிறம் வந்தால் என்ன அர்த்தம்?
4. கழுவும் தண்ணீர் எங்கே போகிறது?

இரண்டாவது கேள்விக்கு "துருப் புள்ளி" என்று வீட்டில் உள்ள பிள்ளையே பதில் சொன்னால், பாடம் விளங்கிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் ஒரு வாளி தண்ணீரோடு வண்டியைச் சுற்றி வாருங்கள். நகம்தான் முதல் சாமான். அதற்குக் காசு இல்லை.